டைவர்சிட்டி அவுட்பிரெட் எலி, லேப்புக்கு வாங்கலாமா?
ஆராய்ச்சிக்கு எலி வளர்த்து விக்கிற அமெரிக்க ஜாக்சன் லேப்ல வாங்குற இந்த எலிங்கள பத்தி சொல்லியே ஆகணும். கூண்ட தொறந்தா ஒன்னு கருப்பு ஒன்னு வெள்ளை ஒன்னு குண்டு, இன்னொன்னு கைல நிக்காம துள்ளி ஓடும், 8 எலி வம்சத்த கலந்து உருவாக்குனது இது, அதுல 3 காட்டு எலி வழி வந்தது, அதான் அந்த வேகம். லேப்ல வழக்கமா வச்சிருக்குற, எல்லாம் ஒரே மரபணு உள்ள பிளாக் 6 எலிய மட்டும் வச்சு பண்றது ஒரே ஆள நூறு ஜெராக்ஸ் எடுத்து மருந்து குடுக்குற மாதிரி. இதுல ஒன்னு மாதிரி இன்னொன்னு கெடையாது, சுமார் 4.5 கோடி மரபணு வேறுபாடு இருக்கு, மனுசங்க மாதிரியே ஒரே டோஸ் ஒன்னுக்கு ஒத்துக்கும் இன்னொன்னுக்கு ஈரல் கெடும். ரொம்ப புடிச்சது இதான். ஆனா ஒவ்வொன்னுக்கும் தனியா ஜீனோடைப்பிங் (மரபணு வகை பாக்குற சோதனை) பண்ணணும், மேப்பிங்னா (ஒரு குணத்துக்கு எந்த மரபணு இடம் காரணம்னு தேடுறது) எலி நூத்துக்கணக்குல வேணும், பட்ஜெட் பாத்துக்கோங்க. அதே எலி திரும்ப கெடைக்காது, மறுபடி சோதிக்கணும்னா கொலாபரேட்டிவ் கிராஸ் (அதே 8 வம்சத்துல இருந்து வந்த, ஒரே மரபணுவோட திரும்ப கெடைக்கிற எலி வகைங்க) வாங்குங்க.