நிபோங் திபாலில் ஊசி போட்ட சியாக்காப் குஞ்சுகள்: வாங்கி வளர்த்தவரின் மதிப்பீடு

தோட்ட வேலையை விட்ட பிறகு அண்ணனும் நானும் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபால் பக்கத்துக் கடலோரத்தில் கூண்டுகளில் சியாக்காப் வளர்க்கிறோம். தமிழகத்தார் கொடுவா என்பது இந்த மீனைத்தான். முன்பு வேறொரு பொரிப்பகத்தில் வாங்கிய குஞ்சுகளில் பெரும்பகுதி செவுள் வெளிறி, இரை எடுக்காமல் கூண்டோரம் ஒதுங்கிச் செத்துப் போயின. அறுத்துப் பார்த்தால் மண்ணீரல் வீங்கியிருந்தது. ஈரிடோவைரஸ் என்ற மீன் கிருமிதான் காரணம் என்று ஆய்வகம் உறுதி செய்தது. அதனால், நகரில் உள்ள குஞ்சு விற்பனை நிலையம் ஒன்று தடுப்பூசி போட்டே குஞ்சு தருகிறது என்று கேள்விப்பட்டதும் அங்கே போனோம்.

வேலை நடக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு நாள் இரை நிறுத்திய விரல் நீளக் குஞ்சுகளைக் கிராம்பு எண்ணெய் கலந்த நீரில் மயக்கி, முன்பு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அக்காமார் நால்வர் ஒவ்வொன்றாக எடுத்து வயிற்றுக்குள் ஊசி போடுகிறார்கள். அந்தக் கைகளின் நிதானத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். மருந்தில் இருப்பது, மீன் உயிரணுக்களில் வளர்த்து ஃபார்மலினால் கொன்ற வைரஸ். 1990-இல் ஜப்பானில் சிவப்புக் கடற்பிரீம் மீன்களை இந்நோய் தாக்கியபின், அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் அங்கே இத்தகைய ஊசி விற்பனைக்கு வந்துவிட்டது. மீனின் உடல் வெப்பம் நீரைப் பொறுத்தது என்பதால் எதிர்ப்புச் சக்தி உருவாகும் வேகமும் நீரைப் பொறுத்ததே. நம் வெதுவெதுப்பான நீரிலும் மூன்று வாரம் தொட்டியிலேயே வைத்திருந்துதான் குஞ்சுகளைக் கொடுத்தார்கள்.

இந்த நிலையத்தை நம்பச் செய்தது, ஊசியால் ஆகாததையும் அவர்கள் சொன்னதுதான். "தம்பி, இது ஈரிடோவுக்கு மட்டுந்தான். நோடாவுக்கு இத நம்பிடாதீங்க," என்றார் பொறுப்பாளர் அக்கா. மூளையையும் கண்ணையும் அரிக்கும் நோடாவைரஸ், ஊசி முனை நுழையாத அளவுள்ள சின்னஞ்சிறு பருவத்திலேயே மீனைக் கொன்றுவிடும். தாய் மீனின் முட்டை வழியாகவும் பரவும். ஐரோப்பாவில் கடல் பாஸ் மீனுக்கு அதற்கான ஊசி இருந்தாலும், சற்று வளர்ந்த குஞ்சுக்கே அதைப் போட முடியும். ஆகவே தாய் மீன்களில் வைரஸின் மரபணு இருக்கிறதா என்று பிசிஆர் சோதனை செய்தே முட்டை எடுப்பதாகச் சொல்லி, அதன் அறிக்கையையும் காட்டினார்கள். 1992-இல் நம் பினாங்கிலேயே முதலில் காணப்பட்ட செதில் உதிரும் நோய்க்கும் இந்த ஊசி உருவாக்கப்பட்டதன்று; அதற்குக் காரணமான வைரஸ் எது என்பதே 2015-இல்தான் விவரமாக வெளியானது.

ஊசி போடாத சில குஞ்சுகளை அடுத்த கூண்டில் தனியே விட்டிருந்தோம். நான்காம் மாதம் அங்கே பழைய அறிகுறிகளோடு சாவு தொடங்கியது. ஊசி போட்ட கூண்டிலோ அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் செத்தன. விற்பனைக்கு அறுத்த சில மீன்களில் எண்ணெய் கலந்த ஊசி மருந்தினால் குடல் வயிற்றுச் சுவரோடு ஒட்டியிருந்தது உண்மை, ஆனால் சதைக்குச் சேதமில்லை.

குறை ஒன்று உண்டு. மருந்தின் தொகுதி எண்ணும் காலாவதி நாளும் ரசீதில் இல்லை. நானே குளிர்பெட்டியைத் திறக்கச் சொல்லிக் குப்பியிலிருந்து எழுதிக்கொண்டேன். நோய் வந்தால் எந்த மருந்து, எப்போது போட்டது என்றுதான் முதலில் கேட்பார்கள். இதைச் சொன்னபோது அவர்கள் மறுக்கவில்லை. தைப்பூசத்துக்குப் பின் எடுக்க 3,000 குஞ்சுகளுக்கு முன்பணம் கட்டிய ரசீதில், அந்த இரண்டு விவரங்களுக்கும் கட்டம் போட்டிருக்கிறார்கள்.