ஆயில் இன்ஜினுக்கு லெவல் ட்யூபா, கறுப்பு ரப்பரா?

எங்கள் தோட்டம் மேலூர்ப் பக்கம். கள்ளந்திரிக்குக் கீழே ஒருபோகம்தான். பெரியாறு கால்வாயில் தண்ணீர் திறந்தாலும் முறை வைத்துத்தான் விடுவார்கள். இடைப்பட்ட நாட்களுக்கு, கரண்ட் இல்லாத மேட்டுக் கிணற்றில் 5 எச்பி ஆயில் இன்ஜின்தான் கதி. டேங்கிலிருந்து ஃபில்டருக்கு டீசல் போகும் அதன் ட்யூபை ரெண்டு தடவை மாற்றியதில் படித்த பாடம் இது.

செம்புக் குழாயைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். பழைய இன்ஜினோடு வந்தது அதுதான். அதிர்வில் நட்டுக்குப் பக்கத்திலேயே கீறல் விழுந்துவிட்டது.

அடுத்து போட்டது, கொத்தனார் மட்டம் பார்ப்பாரே, அந்த லெவல் ட்யூப். மலிவு, டீசல் வருகிறதா, குமிழி ஓடுகிறதா என்று கண்ணால் பார்க்கலாம். முதல் வருஷம் குறையே இல்லை. பிறகு வெயிலும் டீசலும் சேர்ந்து அதை மஞ்சளாக்கி, விறகுக் குச்சி மாதிரி விறைக்க வைத்துவிட்டன. விறைத்த ட்யூப், அது மாட்டியிருக்கும் குழாய் முனையை, அதாவது நிப்பிளைக் கவ்வாது. நானோ கிளாம்புக்குப் பதில் கட்டுக்கம்பியை முறுக்கி வைத்திருந்தேன்.

ஒரு ராத்திரி பாதி வயல் பாய்ந்ததும் இன்ஜின் நின்றது. ஏர் எடுத்து, அதாவது டீசலோடு புகுந்த காற்றை வெளியேற்றி, ஓட்டினேன். அரைமணி நேரத்தில் மறுபடி நின்றது. மூன்றாம் முறை மெக்கானிக்குப் போன் போட்டேன். “தம்பி, முதல்ல டேங்க் மூடியைத் திருகிப் பாரு” என்றார். திருகியதும் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனது. மூடியின் காற்றுத் துளையைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது! டீசல் இறங்க இறங்க, டேங்க் வெளிக்காற்றுக்கு ஏங்கி, தளர்ந்த நிப்பிள் வழியாக உறிஞ்சியிருக்கிறது. துளையும் ட்யூபும் சேர்ந்து செய்த வேலை.

இப்போது நூல் பின்னிய கறுப்பு ரப்பர், டீசலுக்கென்றே விற்பது. விலை மூன்று மடங்கு. ஆனால் இன்னும் வளைகிறது, கவ்வுகிறது. ராத்திரி டார்ச்சோடு குனிய வேண்டியதில்லை. எனக்கு இது ஒன்றே போதும். தண்ணீர் ஹோஸை மட்டும் வெட்டிப் போட்டுவிடாதீர்கள்: உள்பக்கம் ஊறி உப்பி, துகள் துகளாக ஃபில்டருக்குப் போகும்.

எந்த ட்யூபானாலும் டேங்கிலிருந்து ஃபில்டர்வரை ஒரே சரிவாக இறங்கட்டும். நடுவில் மேடு இருந்தால் காற்று அங்கே குடியேறும். சைலென்சரிலிருந்து ஒரு சாணாவது தள்ளி வையுங்கள். கட்டுக்கம்பி வேண்டாம், ட்யூபை அறுத்துவிடும். திருகு கிளாம்ப் போடுங்கள்.

மூடியில் ஒரு நிப்பிள் பற்றவைத்து, காற்றுக்குத் தனி ட்யூப் விட்டேன். அது மேலே ஏறி, குடைக் கைப்பிடி மாதிரிக் கீழே வளைகிறது. வாயில் கொசுவலைத் துண்டு. முதலில் நீளமாக விட்டதில் நடுவில் தொங்கி, தளும்பிய டீசல் அந்தத் தொங்கலில் தேங்கி, காற்றை அதுவே அடைத்தது. வெட்டிச் சுருக்கினேன்.

ரப்பர் போட்டு ரெண்டு போகம்தான் ஆகிறது. ஐந்து வருஷம் தாங்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அதில் குமிழி தெரியாது என்பதும் குறைதான். அதற்காகவே லெவல் ட்யூபில் ஒரு முழம் டூல்ஸ் பெட்டியில் கிடக்கிறது. ஏர் எடுக்கும் அன்று மட்டும் மாட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றிவிடுவேன்.