அப்பாவின் வேதாகமத்துக்குப் புது மட்டை: கொழும்பு புறக்கோட்டையில் ஒரு பைண்டிங் கடை

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். 7,500 ரூபா. ஒரு பழைய வேதாகமத்தைப் பிரித்து, தைத்து, புது மட்டை போட்டதற்கு. மூன்று கிழமை என்றார்கள், ஏழு கிழமை ஆனது. இந்த இரண்டையும் கேட்டதுமே உங்களுக்குச் சரிவராது என்று பட்டால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், கோபிக்க மாட்டேன். என் தங்கச்சியும் அப்படித்தான் சொன்னாள்.

புத்தகம் அப்பாவுடையது. 1961இல் அவர் திடப்படுத்தல் எடுத்த, அதாவது சபையில் முழு அங்கமாகச் சேர்ந்த, நாளில் தாத்தா வாங்கிக் கொடுத்தது. "நாவலர் கை வைத்த வேதாகமம் தெரியுமோ?" என்று அப்பா வீட்டுக்கு வருகிறவர்களைச் சீண்டுவார். சைவரான ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து யாழ்ப்பாணத்தில் செய்த மொழிபெயர்ப்பு 1850இல் அச்சானது. ஆனால் சபைகளில் நிலைத்தது அதுவல்ல, ஹென்றி பவர் என்ற பாதிரியாரின் (பவர் ஐயர் என்போம்) குழு 1871இல் முடித்ததுதான். எங்கள் வீட்டில் இருப்பதும் அந்தப் பவர் ஐயர் வழி வந்ததே. பைண்டிங்குக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. என்றாலும் அப்பாவின் புத்தகத்தைப் பற்றி எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் அவருக்குப் பிடிக்காது.

அப்பா 2011இல் காலமானார். அதற்குப் பிறகு புத்தகம் ஒரு எலாஸ்டிக் பட்டியின் தயவில்தான் ஒன்றாக இருந்தது. ஆதியாகமத்தின் முதல் நாலைந்து தாள் கழன்றுவிட்டது. முதுகு சங்கீதத்தில் சரிபாதியாகப் பிளந்திருந்தது. 121ஆம் சங்கீதத்தை அவ்வளவு தடவை விரித்திருக்கிறார். ஓரங்களை வெள்ளிப்பூச்சி அரித்திருந்தது. மல்கியாவின் கடைசிப் பக்கத்தில் தசமபாகக் கணக்குத் துண்டு ஒன்றைக் குண்டூசியால் குத்தி வைத்திருந்தார். ஊசி துருப்பிடித்து, கறை மத்தேயுவுக்குள் இறங்கிவிட்டது. பூச்சியும் துருவும் கெடுக்கும் என்று எச்சரிக்கிற ஆறாம் அதிகாரத்தைத் தொட இன்னும் இரண்டு தாள்தான் பாக்கி.

முதலில் போனது வெள்ளவத்தையில் ஒரு போட்டோகொப்பிக் கடைக்கு. பேர் வேண்டாம். அங்கிருந்த பொடியன் நல்லவன்தான், புரட்டிப் பார்த்துவிட்டு, "அன்ரி, முதுகை வெட்டிட்டு கம் பைண்டிங் போட்டுத் தாறன், 1,200" என்றான். ஓரத்தில் எழுதியது கொஞ்சம் போகுமாம். "கடைசித்தாள் கிழிஞ்சுதானே கிடக்கு, எறிஞ்சிடலாம்." நான் புத்தகத்தை அவன் கையிலிருந்து மெதுவாக வாங்கி, எலாஸ்டிக்கைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வேதாகமத் தாள் மிக மெல்லியது. முதுகை வெட்டிச் சூட்டுப் பசையில் ஒட்டினால், பசை ஒவ்வொரு தாளின் விளிம்பையும் மயிரளவுதான் பிடிக்கும். புத்தகம் மேசையில் விரிந்து படுக்காது. ஒரு வருஷம் தினமும் வாசித்தால் திரும்பவும் கொட்டும். பாரம் பாரமாக, அதாவது மடித்த தாள்கட்டுகளாக, நூலால் தைத்த புத்தகத்தைத் திரும்பவும் நூலால்தான் தைக்க வேண்டும். இதை எனக்குச் சொன்னவர் புறக்கோட்டையில் பைண்டிங் கடை வைத்திருக்கும் நாநா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்).

அவருடைய கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. 100 அல்லது 101 பஸ்ஸில் புறக்கோட்டையில் இறங்கி, கடுதாசிக் கடைகள் நிறைந்த மலிபன் வீதிப் பக்கம் போய், பைண்டிங் நாநா என்று கேளுங்கள். படி ஏற வேண்டும், கைபிடி இல்லை. வயதான ஆட்களைக் கூட்டிப் போக வேண்டாம். மேலே ஒரு அறை, ஒரு இரும்பு அழுத்தி, ஒரு வெட்டு மெஷின், பசை காய்ச்சுகிற ஒரு சட்டி. கோதுமை மாப் பசையில் துளி மயில்துத்தம் கலக்கிறார், பூச்சி வராமலிருக்க. நொத்தாரிசுமாரின் உறுதிப் புத்தகங்கள், பள்ளிக்கூட இடாப்புகள், கோயில் கணக்குப் புத்தகங்கள் எல்லாம் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன.

நான் வேதாகமம் என்று சொன்னதும் எழும்பிப் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார். மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, அதன் மேல் வைத்துத்தான் திறந்தார். மேல்தட்டைக் காட்டினார்: அங்கே குர்ஆன்கள், ஒரு பைபிள், பட்டில் சுற்றிய ஏதோ ஒன்று. ஓதுகிற புத்தகம் எதையும் நிலத்தில் வைப்பதில்லை, அதன் மேல் வேறு புத்தகம் வைப்பதும் இல்லை என்றார். வீட்டில் இதே வேதாகமத்தின் மேல் நான் தேத்தண்ணிக் கோப்பையை வைத்த நாட்கள் ஞாபகம் வந்தன. மட்டையில் வட்டம்கூட இருந்தது. அவர் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு வியாபாரியாக அல்ல, மனிதராகக் கேட்டார்: "தங்கச்சி, இந்தக் காசுக்குக் குறைய புதுசு ஒன்னு வாங்கலாமே? கொள்ளுப்பிட்டியில வேதாகமச் சங்கம் இருக்குதானே?" இருக்கிறது. 1812இல் கொழும்பில் தொடங்கிய சங்கம், இன்றைக்கும் விற்கிறது. நான் பதில் சொல்லாமல் கடைசித்தாளைத் திருப்பிக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பென்சில் எழுத்தை வாசித்தார். "அப்ப சரி," என்றார், "இத வெட்டக் கூடாது."

அந்தக் கடைசித்தாளைப் பற்றிச் சொல்லாமல் இந்த 7,500 ரூபாவை விளங்கப்படுத்த ஏலாது.

1983 ஜூலை 25, திங்கட்கிழமை. கொழும்பில் தமிழரின் வீடுகளை எரித்த கலவரம். எனக்கு ஒன்பது வயது. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முனையில் புகை எழும்பியபோது பக்கத்து வீட்டு நோனா (சிங்கள அம்மா) எங்களைப் பின்மதிலால் ஏற்றி எடுத்தார். அப்பாவின் கையில் இந்த வேதாகமம் இருந்தது. அம்மாவின் நகைப்பெட்டி அலுமாரியின் அடித்தட்டில் இருந்தது. பின்னேரம் வீடு எரிந்துவிட்டது. அதற்குப் பிறகு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாம், அப்புறம் 'லங்கா கல்யாணி' கப்பலில் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை.

திரும்பிக் கொழும்புக்கு வந்து சபையில் சேர்ந்தபின் இந்தக் கதை பிரசங்கமாகிவிட்டது. பொன்னை விட்டுவிட்டு வேதத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய மனிதர் என்று எத்தனை போதகர்கள் சொல்லியிருப்பார்கள். அப்பா அப்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு இருப்பார். ஒருநாள் நேரே கேட்டேன். "மேசையில கிடந்தது பிள்ளை, கையில அகப்பட்டது," என்றார். அவ்வளவுதான்.

அம்மாவின் கணக்கு வேறு. அந்தப் பெட்டியில் இருந்தது அவவின் தாய் போட்டுவிட்ட அட்டியலும் ஆறு காப்பும். பிரசங்கம் முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸிலேயே தொடங்குவா: "என்ர நகையை விட்டுட்டு வந்து இவர் விசுவாச வீரர் ஆகிட்டார். தன்ர மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டுதானே வந்தவர்." அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். மணிக்கூட்டு விஷயத்தை எந்தப் போதகரும் சொல்லிக் கேட்டதில்லை.

சின்ன வயதில் அம்மாவின் இந்தப் பேச்சு எனக்கு வெட்கமாக இருக்கும். இப்போது அவ சொன்னதில் பிழை காண முடியவில்லை. தன்னுடையதை விடுவது ஒன்று. இன்னொருவருடையதை விட்டுவிட்டு, அதற்கான சாட்சியைத் தான் வாங்கிக்கொள்வது இன்னொன்று. உலகப் பொருள் குப்பை என்று மேடையில் சொல்லும்போது அது யாருடைய பொருள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

கடைசித்தாளில் இருப்பது முகாம் கணக்கு. அப்பாவின் பொடி எழுத்து, நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் 'வாங்கினது': போர்வை 1, பால்மா அரை டின், சவர்க்காரம் 1, நோனா 100 ரூபா. திருப்பிக் கொடுத்தவற்றுக்கு எதிரே ஒரு சரி அடையாளம். நோனாவின் நூறு ரூபாவுக்கு அடையாளம் இரண்டு தடவை போடப்பட்டிருக்கிறது. முதல் தடவை அவர் வாங்க மறுத்தாராம். போர்வைக்கு அடையாளம் இல்லை. தந்த பெண்ணை அதற்குப் பிறகு காணவே இல்லை என்கிறா அம்மா.

வலது பக்கம் 'கொடுத்தது'. அதில் ஒரே வரி: சேலை 1, பச்சை.

அம்மா அன்றைக்கு ஒரு பையில் இரண்டு சேலையை அள்ளிக்கொண்டு வந்திருக்கிறா. முகாமில் பக்கத்தில் படுத்திருந்த ஒரு பெண் இரவு உடுப்போடு ஓடி வந்தவள், அவளுக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டா. எனக்கு இதெல்லாம் தெரியாது. மூன்று மாதத்துக்கு முன், பைண்டிங்குக்குக் கொடுக்க முதல் பக்கங்களைப் போனில் படமெடுத்தபோதுதான் அந்த வரியைக் கவனித்தேன். அம்மாவைக் கேட்டேன். "நல்ல சேலை. ஒரு தரம்தான் உடுத்தது," என்றா. அதில் பெருமையும் இல்லை, தியாகமும் இல்லை, சேலை போன கவலை மட்டும் அப்படியே இருந்தது.

சரி, வேலைக்கு வருகிறேன்.

நாநா புத்தகத்தை முழுதாகப் பிரித்தார். பழைய நூலை ஒவ்வொரு பாரத்திலிருந்தும் உருவி, மடிப்புக் கிழிந்த தாள்களுக்கு மெல்லிய டிஷ்யூக் கடுதாசியைப் பசை தொட்டு ஒட்டினார். ஒட்டிய இடத்தில் எழுத்தை இன்னும் வாசிக்க முடிகிறது, வெளிச்சத்துக்குப் பிடித்தால்தான் ஒட்டுத் தெரியும். பருத்தி நூலால் தைத்து, முதுகில் மஸ்லின் துணி ஒட்டி, அழுத்தியில் வைத்திருக்கிறார். வெட்டு மெஷினுக்குக் கொண்டுபோகவே இல்லை, ஓரம் கோணலாகத்தான் இருக்கிறது, அப்பாவின் குறிப்புகள் ஒரு எழுத்தும் போகவில்லை. கடைசித்தாளை ஒரு புதுத் தாளின் மேல் முழுசாக ஒட்டித் திரும்ப வைத்துவிட்டார். துருப்பிடித்த ஊசியை எறியாமல் ஒரு சின்ன உறையில் போட்டுத் தந்தார். "உங்கட சாமான்தானே." மேசையில் வைத்தால் சங்கீதத்தில் விரிந்து அப்படியே படுக்கிறது. கையை எடுத்தாலும் மூடிக்கொள்வதில்லை.

குறைகள். சொன்ன நாளுக்கு இரண்டு தடவை போய் வெறுங்கையோடு வந்தேன், அந்த வெயிலில், அந்தப் படியில். போன் பண்ணிச் சொல்லும் பழக்கம் அங்கே இல்லை. ரசீது தரமாட்டார், கொப்பியில் பெயரை எழுதிக்கொள்வார். கருஞ்சிவப்புக் கலிக்கோத் துணி என்று பேசியது, "முடிஞ்சுபோச்சு" என்று கறுப்பு ரெக்சின் வந்தது. குறிநாடா ஊதா நிறத்தில், கலியாண அழைப்பிதழில் மிஞ்சியது போல் இருக்கிறது. முதுகில் பொன்னெழுத்துப் போட அவரிடம் தமிழ் அச்சு முழுசாக இல்லை, 'வே'க்குக் கொம்பு தொலைந்துவிட்டதாம். இங்கிலீசில் ஹோலி பைபிள் என்று போடவா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். ஆக, முதுகு வெறுமையாக இருக்கிறது.

தங்கச்சி கேட்டதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. "பொருளில் பற்று வைக்காதே என்கிற புத்தகத்தின் மட்டைக்கே 7,500 கொடுக்கிறியே?" போன வருஷம் போன் திரை உடைந்து இதைவிடக் கூடுதலாகச் செலவழித்தபோது அவள் வாயைத் திறக்கவில்லை என்று மட்டும் திருப்பிச் சொன்னேன். அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும். அப்பா இருந்திருந்தால் எலாஸ்டிக்கே போதும் என்றிருப்பார், மிச்சக் காசைக் காணிக்கை உறையில் போட்டிருப்பார், அதற்கு அம்மா ஏசியிருப்பா.

யாருக்கு இந்தக் கடை? அச்சில் கிடைக்கிற புத்தகம், உள்ளே உங்கள் எழுத்து எதுவும் இல்லை என்றால் புதியது வாங்குங்கள், காசும் பஸ்ஸும் மிச்சம். தாத்தாவின் ஞானப்பாட்டுப் புத்தகம், குடும்பப் பிறப்புத் தேதிகள் எழுதிய வேதாகமம், கிழிந்த குர்ஆன் என்றால் இவரிடம் போங்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் பூட்டிவிடுவார், இரண்டு மணிக்குப் பிறகு போகலாம். முற்பணம் பாதி கேட்பார். அவசரம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், புத்தகம் அடுக்கின் அடிக்குப் போய்விடும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கொண்டுவந்த அன்று அம்மாவின் மடியில் வைத்தேன். 84 வயது, கை நடுக்கம். இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தா. "நகைப்பெட்டியும் இவ்வளவு பாரம்தான்," என்றா. அப்புறம் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, ஊதா நாடா இருந்த பக்கத்தைத் திறந்து, நாடாவின் நிறத்துக்கு ஒரு தரம் முகம் சுளித்துவிட்டு வாசிக்கத் தொடங்கினா. பசை மணக்கிறது என்று ஒரு முறைப்பாடு. இப்போது தினமும் பின்னேரம் அவவிடம்தான் இருக்கிறது.

விலை 3,500 என்று அவவிடம் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் கொஞ்சம் பார்த்துக் கதையுங்கள்.