பழைய காரின் ஹீட்டரும் காற்று வராத வென்ட்டுகளும்: பல குளிர்காலங்களின் அனுபவம்

பழைய கார் வைத்திருப்பவர் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: காற்று வரவில்லையா, வருகிற காற்று சுடவில்லையா? இரண்டும் வேறு வேறு நோய். சூட்டுக்குப் பொறுப்பு எஞ்சினைக் குளிர்வித்துச் சூடேறி வரும் திரவமான கூலன்ட்டும், அந்தச் சூட்டைக் காற்றுக்கு மாற்றும் சிறு ரேடியேட்டரான ஹீட்டர் கோரும். காற்றுக்குப் பொறுப்பு அதை ஊதித் தள்ளும் புளோயர் மோட்டார், ஃபில்டர், டாஷ்போர்டுக்குள் ஓடும் காற்றுக் குழாய்கள், அவற்றைத் திறந்து மூடும் மடல்கள். இதைப் பிரித்துச் சொல்லத் தெரியாமல் பணிமனைக்குப் போனால், "ஹீட்டர் கோர் அடைத்துவிட்டது, டாஷ்போர்டையே கழற்ற வேண்டும்" என்ற தீர்ப்போடு திரும்ப வேண்டியிருக்கும்.

இருபது வயதைத் தாண்டிய என் செடான் காருக்கும் அந்தத் தீர்ப்பு கிடைத்தது. ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின் அணைத்துவிட்டு, ஹீட்டர் கோருக்குள் போகும் ஹோஸையும் திரும்பி வரும் ஹோஸையும் கையுறையோடு தொட்டுப் பார்த்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சுட்டன. கோர் அடைத்திருந்தால் போகிற ஹோஸ் சுடும், வருகிற ஹோஸ் ஆறிப்போயிருக்கும். சூட்டுக்குக் குறைவில்லை, அதை உள்ளே தள்ளக் காற்றுதான் இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

அடுத்த சோதனைக்குக் கருவியே வேண்டாம். வெளிக்காற்றை எடுக்கும் நிலையிலிருந்து உள்காற்றையே சுழற்றும் நிலைக்குப் பொத்தானை மாற்றியதும், காற்று வெளிவரும் திறப்பான வென்ட்டில் காற்று முன்பைவிடக் கூடியது. அப்படியானால் அடைப்பு வெளிக்காற்று நுழையும் பாதையில் இருக்கிறது. வைப்பர்களுக்குக் கீழே உள்ள கிரில்லைக் கழற்றினால், ஆண்டுக்கணக்காக உள்ளே விழுந்து மக்கிய இலைகள் கறுப்புச் சேறாகப் படிந்திருந்தன. தண்ணீர் வடியும் துளையையும் அதுவே அடைத்திருந்தது. மழைக்குப் பிறகு காருக்குள் வீசிய ஈர மண் வாசனைக்கும் காரணம் கிடைத்தது.

கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருந்து, உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள், அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்: குளிர்காலம் தொடங்கும் முன் ஆண்டுதோறும் மாற்றுங்கள், தட்டித் தூசி எடுத்துத் திரும்பப் போடாதீர்கள். சில பழைய கார்களில் இந்த ஃபில்டரே கிடையாது. அவற்றில் தூசி நேராகப் புளோயருக்குத்தான் போகும்.

பலர் திரும்பிப் பார்க்காத இடம் புளோயரின் சக்கரம். மோட்டாரைக் கீழே இறக்கிப் பார்த்தால், உருளை வடிவச் சக்கரத்தின் ஓரம் முழுவதும் விரல் நகம் போல வளைந்த சிறு இதழ்கள் இருக்கும். காற்றை அள்ளி வீசுவது அந்த வளைவுதான். என் காரில் ஒவ்வொரு இதழின் வளைவிலும் தூசி கெட்டியாக அப்பி, வளைவே தெரியாமல் தட்டையாகியிருந்தது. மோட்டார் சுற்றும், சத்தமும் வழக்கம்போலக் கேட்கும், காற்று மட்டும் போதுமான அளவு வராது. பழைய பல் துலக்கும் தூரிகையால் இதழ் இதழாகச் சுரண்டி எடுத்தேன். ஒரு பக்கம் மட்டும் தூசி மிஞ்சினால் சக்கரம் சமநிலை இழந்து அதிரும். பாதியில் விட்டுவிட முடியாத வேலை. செய்த எல்லா வேலைகளிலும் அதிகப் பலன் தந்தது இதுதான்.

புளோயரின் வேகத்தைக் குறைக்கும் மின்தடையான ரெசிஸ்டரின் கதை கொஞ்சம் நீளம். வேகத்திருகின் கடைசி நிலையில் மட்டும் காற்று வந்து மற்ற நிலைகளில் வராவிட்டால், இந்த வகைத் திருகு உள்ள கார்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது ரெசிஸ்டரைத்தான். உச்ச வேகத்தில் மின்சாரம் அதன் வழியே போகாமல் நேராக மோட்டாருக்குப் போய்விடும். குறைந்த வேகங்களில்தான் ரெசிஸ்டர் குறுக்கே நின்று மின்னோட்டத்தைக் குறைக்கிறது. அதில் அது சூடாகும் என்பதால், புளோயர் வீசும் காற்றே அதைக் குளிர்விக்கும்படி காற்றுப் பாதையிலேயே பொருத்தியிருப்பார்கள். ஆக, ஃபில்டரும் கிரில்லும் அடைத்துக் காற்று குறைந்தால் ரெசிஸ்டர் கருகும். என் காரில் மெக்கானிக் ரெசிஸ்டரை மட்டும் மாற்றித் தந்தார். அடுத்த குளிர்காலத்தில் அதுவும் போயிற்று. மோட்டாரின் பேரிங் தேய்ந்து இறுகியதால், சுற்றுவதற்கே அது அதிக மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டிருந்தது. குளிர்ந்த காலை வேளையில் எழும் கிரீச் ஒலி அதற்கான அடையாளம். ரெசிஸ்டருக்கு மின்கம்பிகளை இணைக்கும் கனெக்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தது. மோட்டார், ரெசிஸ்டர், கனெக்டர் மூன்றையும் சேர்த்து மாற்றிய பிறகு இன்றுவரை தொல்லையில்லை.

இவையெல்லாம் சரியான பின்னும் மேடேறும்போது ஒரு வேடிக்கை நடந்தது. முகத்துக்கு நேராக வந்துகொண்டிருந்த காற்று திடீரென்று முன்கண்ணாடிக்குத் தாவிவிடும். சமதரைக்கு வந்தால் திரும்பிவிடும். என் காரில் மடல்களை அசைப்பது எஞ்சினிலிருந்து வரும் வாக்குவம், அதாவது எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிட இழுப்பு. ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போது எஞ்சினில் வாக்குவம் குறையும். அந்த நேரத்துக்காகவே ஒரு சிறு சேமிப்புக் கலனும் ஒருவழி வால்வும் உண்டு. குழாயில் எங்காவது கசிந்தால் சேமிப்பு நிற்காது. வாக்குவம் இல்லாதபோது காற்று கண்ணாடிக்குப் போகும்படி அமைத்திருப்பது ஓட்டுநரின் பார்வை மறையக் கூடாது என்பதற்காக. வடிவமைத்தவரைப் பாராட்டத்தான் வேண்டும். கலனுக்கு அருகே வெயிலும் சூடும் பட்டு வெடித்த ரப்பர் துண்டு ஒன்றுதான் குற்றவாளி. அதற்குப் பதில் போட்ட சிலிகோன் குழாய் இன்னும் உறுதியாக இருக்கிறது. பிந்தைய கார்களில் இந்த வேலையைச் சிறு மின்மோட்டார்கள் செய்கின்றன; அவற்றின் பிளாஸ்டிக் பற்சக்கரம் உடைந்தால் டாஷ்போர்டுக்குள் டக் டக் என்று தட்டும்.

வென்ட்டிலிருந்து கறுப்புத் துகள்கள் மடியில் வந்து விழுந்தால் பயப்பட வேண்டாம். மடல்களில் ஒட்டியிருந்த ஃபோம் முதுமையில் உதிர்கிறது. ஆனால் சில கார்களில் மடலே துளைகள் உள்ள தகடாக இருக்கும். ஃபோம் போனால் மூடிய மடல் வழியாகவும் காற்று ஒழுகும். ரெசிஸ்டரைக் கழற்றிய துளை வழியே கை எட்டியவரை அலுமினிய ஒட்டுநாடா போட்டேன். ஓரளவு உதவியது. ஒரு முனை பிரிந்து அவ்வப்போது விசில் அடிக்கிறது.

ஜன்னலைச் சற்றே இறக்கியதும் வென்ட் காற்று கூடுகிறதா என்றும் பாருங்கள். கூடினால், உள்ளே வந்த காற்று வெளியேற வழியில்லை என்று பொருள். பெரும்பாலான கார்களில் அதற்கான மடல்கள் பின்பக்கம், பம்பருக்கு உள்ளே இருக்கும். டிக்கியில் சாமான்களை நெருக்கி அடுக்கி அந்த வழியை மூடிவிடுவது சாதாரணமாக நடப்பது.

இனிப்பான வாசனை, முன்கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் படலம், பயணி காலடியில் ஈரம் ஆகியவை இருந்தால் மட்டும் வீட்டில் நோண்டிக்கொண்டிருக்காதீர்கள். கோர் கசிகிறது. கூலன்ட்டில் வழக்கமாக இருக்கும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. குழந்தைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் தள்ளி வைக்க வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது கூலன்ட் மூடியைத் திறக்கவே கூடாது.

என் காரில் பயணி பக்கத்துக் கால் வென்ட் இன்னும் மந்தம்தான். டாஷ்போர்டின் ஆழத்தில் குழாயின் இணைப்பு ஒன்று நழுவியிருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்காக டாஷ்போர்டைக் கழற்றினால், காய்ந்துபோன பிளாஸ்டிக் கொக்கிகள் பாதிக்கு மேல் உடையும். பக்கத்தில் உட்காருபவர் தடித்த காலுறை போட்டுக்கொள்வது மலிவு.