10440 செல்லில் ‘1200 எம்ஏஎச்’ என்று இருந்தால் வாங்காதீர்கள்

புதுச்சேரி ஞாயிறு மார்க்கெட்டில், தரைக்கடை ஒன்றில் மினி டார்ச் மாற்றியமைக்க வாங்கிய ஒரு ஜோடி 10440 லித்தியம் அயன் செல். உறையில் 1200 எம்ஏஎச் (மில்லி ஆம்ப் மணி, அதாவது செல்லின் கொள்ளளவு), அளந்தால் ஒன்று 90, மற்றது 110. மாற்றிக் கேட்டதற்கு, “லைட்லதான் கோளாறுண்ணா, செல்லு ஒரிஜினல்” என்று முடித்துவிட்டார்கள். கடற்காற்றில் டார்ச் ஸ்பிரிங் பச்சை பிடிக்கும் ஊர்தான். ஆனால் செல்லைத் தனியாக எடுத்து அளந்த கணக்குக்கும் ஸ்பிரிங்குக்கும் சம்பந்தமில்லை.

10440 என்றால் 10 மி.மீ. விட்டம், 44 மி.மீ. நீளம், அதாவது டிரிபிள் ஏ பென்சில் செல் அளவு. அதற்குள் தரமான செல்லே 320 முதல் 350 எம்ஏஎச் வரைதான் தரும். இதேபோல் அளவையே பெயராகக் கொண்ட மற்ற செல்களில் 14500-க்கு 700 முதல் 1000, 16340-க்கு 650 முதல் 850 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிய 18650-இலேயே 3500 வந்தால் நல்ல சரக்கு. அதில் 9900 என்று அச்சடித்து விற்பவர்களும் இருக்கிறார்கள்.

கடையிலேயே இரண்டு சோதனை செய்யலாம். சின்னத் தராசில் வைத்தால் 10440 சுமார் 9 கிராம், 14500 சுமார் 20 கிராம் காட்ட வேண்டும். மல்டிமீட்டரில் 3.6 வோல்ட் பக்கம் இருந்தால் சரி. 2.5-க்குக் கீழே போன செல்லை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்: ரொம்பவே இறங்கியிருந்தால் உள்ளே செம்பு கரைந்து, திரும்பச் சார்ஜ் ஏற்றும்போது படிந்து ஷார்ட் ஆகலாம். மைனஸ் முனையில் பழைய வெல்டிங் புள்ளி தெரிந்தால், எங்கிருந்தோ உருவி புது ஸ்லீவ் போட்ட செல்.

வீட்டில் 4.2 வோல்ட் வரை ஏற்றி, 22 ஓம் 2 வாட் ரெசிஸ்டரைக் கோத்து, 3.0 வரை இறங்கும் நேரத்தைக் குறியுங்கள். சராசரி 170 மில்லி ஆம்ப் போகும். 350 எம்ஏஎச் செல் இரண்டு மணி நேரம் தாங்கும், நிஜமான 1200 என்றால் ஏழு மணி. அந்த ஜோடி 40 நிமிடத்தைத் தாண்டவில்லை. பக்கத்திலேயே இருங்கள், 3.0-இல் கழற்றாவிட்டால் நல்ல செல்லும் வீண்.

சார்ஜர் விஷயத்திலும் கடைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். டிபி4056 என்ற லித்தியம் சார்ஜர் போர்டு, கரண்டின் அளவைத் தீர்மானிக்கும் 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு வரும். அது 1 ஆம்ப் தள்ளும், 10440-க்கு அது மூன்று மடங்கு அதிகம். அதை எடுத்துவிட்டு 10 கிலோ ஓம் வைத்தால் 130 மில்லி ஆம்ப், மூன்று மணி நேரத்தில் நிறையும்.

1.5 வோல்ட் டார்ச்சில் 4.2 வோல்ட் செல்லைப் போடுமுன் டிரைவர் (எல்இடிக்குக் கரண்டைக் கட்டுப்படுத்தும் போர்டு) அதைத் தாங்குமா என்று பாருங்கள். தாங்காத போர்டு கருகும், அல்லது கட்டுப்பாடில்லாமல் எல்இடிக்குக் கரண்ட் போய் டார்ச் கொதிக்கும். இரண்டு செல் டார்ச்சில் ஜோடியாகப் போட்டால் 8.4 வோல்ட், எல்இடி காலி. சந்தேகம் இருந்தால் 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடே போதும். பாதுகாப்புச் சர்க்யூட் உள்ள செல் 2, 3 மி.மீ. நீளம் கூடும், மூடி மூடவில்லையே என்று ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள், பிறகு சாதா செல் போட்டால் ஆடி ஆடி மினுக்கும்.

பில் கேட்டு வாங்குங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொன்னாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.