சீக்ரெசி லைப்ரரி: அணுகல் சாவிகளுக்கு ஒரு நல்ல உறை

கிளவுட் சேவைகளின் அணுகல் சாவிகளைக் கையாளும் நிரல் ஒன்றை ரஸ்ட் மொழியில் எழுதத் தொடங்கியபோது, ரகசியங்களைப் பாதுகாப்பாக வைக்கும் சீக்ரெசி என்ற லைப்ரரியை (ஆயத்த நிரல் தொகுப்பை) தேர்ந்தெடுத்தேன். முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில், பிழை தேடுவதற்காக அமைப்புகள் முழுவதையும் லாகில் (நிரலின் செயல்பாட்டுப் பதிவில்) அச்சிட்ட ஒரே ஒரு வரியால், ஏகேஐஏ என்று தொடங்கும் அமேசான் கிளவுட் சாவியும் அதற்குரிய 40 எழுத்து ரகசியமும் பல நாள்கள் லாக் கோப்பில் வெளிப்படையாகக் கிடந்தன. அந்தப் பதற்றத்தை இன்னும் மறக்கவில்லை.

சீக்ரெசியின் சீக்ரெட்ஸ்டிரிங் வகையில் வைத்த சாவியை அதே போல் அச்சிட்டால், சாவிக்குப் பதிலாக ‘ரெடாக்டட்’ (மறைக்கப்பட்டது) என்ற சொல்தான் லாகில் விழுகிறது. உண்மையான மதிப்பு வேண்டுமென்றால் ‘எக்ஸ்போஸ்_சீக்ரெட்’ என்று எழுதி அழைத்தே ஆக வேண்டும். இதையே இதன் தலையாய சிறப்பாகக் கருதுகிறேன். ஏனெனில், நிரலைச் சரிபார்ப்பவர் அந்தப் பெயரைத் தேடினாலே ரகசியம் உறையை விட்டு வெளியேறும் இடங்கள் அனைத்தும் கண்ணில் பட்டுவிடுகின்றன. எங்கள் நிரலில் அப்படி 11 இடங்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் ஏன் என்று கேட்டு, 3 ஆகக் குறைத்தோம். சாவியைத் தவறுதலாக ஜேசன் என்ற தரவுப் பரிமாற்ற வடிவத்துக்கு மாற்ற முயன்றாலும், தனியே இசைவு தராத வரை கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) அனுமதிப்பதில்லை.

பயன்பாடு முடிந்ததும் அந்த நினைவகப் பகுதியை, ஸீரோயைஸ் என்ற துணை லைப்ரரியைக் கொண்டு பூஜ்யங்களால் நிரப்பிவிடுகிறது. தேவையற்ற வேலை என்று கம்பைலர் இதை நீக்கிவிடாதபடியும் பார்த்துக்கொள்கிறது. ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியில் 2014இல் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் குறைபாடு ஒரு கோரிக்கைக்கு 64 கிலோபைட் வரை சர்வரின் நினைவகத்தைக் கசியவிட்டதை நினைவில் வைத்திருப்போருக்கு இதன் அருமை புரியும்.

எனினும், எடுத்த மதிப்பை நாமே சாதாரண ஸ்டிரிங்காக (உரை மதிப்பாக) நகலெடுத்தால் அந்த நகலை இது அழிக்காது. நினைவகப் பக்கங்கள் ஸ்வாப் வட்டுக்கு (நினைவகம் போதாதபோது பயன்படும் வட்டுப் பகுதிக்கு) செல்லாமல் பூட்டும் எம்லாக் வசதியும் இதில் இல்லை; அதை இயங்குதள அமைப்பில் நாமே கவனிக்க வேண்டும். ஆகவே நிரந்தரச் சாவிகளை இதற்குள் வைத்துவிட்டு நிம்மதி அடைவதை நான் பரிந்துரைக்கவில்லை. தற்காலிகச் சாவிகளை வழங்கும் அமேசான் சேவையான ஏடபிள்யூஎஸ் எஸ்டிஎஸ்ஸின் அஸ்யூம்ரோல் அழைப்பு வழியாக, இயல்பாக 1 மணி நேரமும் குறைந்தபட்சமாக அமைத்தால் 15 நிமிடமும் செல்லுபடியாகும் சாவிகளைப் பெற்று இதில் வைப்பதே எங்களுக்கு ஏற்ற வழியாக அமைந்தது.

0.8 பதிப்பிலிருந்து 0.10க்கு மாறுவோர், பழைய சீக்ரெட் வகை நீக்கப்பட்டு சீக்ரெட்பாக்ஸ் வந்திருப்பதால், நிரலைத் திருத்த ஒரு பிற்பகலை ஒதுக்கிக்கொள்வது நல்லது.