டெக்னிக் டிரைவிங் ரிங்: தானாக மாறும் சுவிட்சுக்கு இது மட்டும் போதுமா?

கியர், அச்சு, மோட்டார் வைத்து இயங்கும் இயந்திரங்கள் கட்டும் லெகோ டெக்னிக்கில், கியர் மாற்றுவதற்கென்றே வார்த்த பாகங்கள் 1994இல் 8880 சூப்பர் கார் தொகுப்போடு வந்தன: டிரைவிங் ரிங், அது வழுக்கி நகரும் வரி போட்ட ஆக்ஸில் இணைப்பு, 16 பல் கிளட்ச் கியர், ரிங்கைத் தள்ளும் கேட்ச். கிளட்ச் கியர் அச்சின் மேல் சும்மா சுற்றும். ரிங் போய்க் கவ்வினால்தான் அச்சோடு சேர்ந்து சுற்றும். ரிங் நடுவில் நின்றால் நியூட்ரல். கையால் மாற்றும் கியர்பாக்ஸுக்கு இந்தக் கூட்டணி இன்றும் அருமையானது. ஆனால் பலர் இதை வாங்குவது, மோட்டாரே தன் வேலையை மாற்றிக்கொள்ளும் தானியங்கி சுவிட்ச் கட்டுவதற்காக. அங்கே இது பாதி வேலையைத்தான் செய்கிறது.

முதலில் நல்லது. பற்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கினால் கியரின் ஆரம் மில்லிமீட்டரில் கிடைத்துவிடும். லெகோவின் அளவு அலகான ஒரு ஸ்டட், அதாவது பக்கத்துப் பக்கத்துப் புடைப்புகளுக்கு இடையிலான தூரம், 8 மி.மீ. அதனால் 16 பல் கியரின் ஆரம் சரியாக ஒரு ஸ்டட். இரண்டு 16 பல் கியர்கள் 2 ஸ்டட் இடைவெளியில் பிசிறில்லாமல் பொருந்தும். 8-24 ஜோடிக்கும் அதே 2 ஸ்டட்தான். ஆக, கிளட்ச் கியரின் ஜோடியை எந்தப் பீமிலும் (வரிசையாகத் துளைகள் உள்ள தண்டு) அரை ஸ்டட் கணக்குப் பார்க்காமல் வைக்கலாம்.

இந்த வசதியிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. முன்னோக்கி, பின்னோக்கி என இரண்டு வழி கேட்கும் சுவிட்சில் 16 பல் கியர்களை மட்டும் நம்பினால் திசை மாறவே மாறாது. ஒவ்வொரு இணைப்பும் நேராகவோ குறுக்காகவோ 2 ஸ்டட் நகர்த்துகிறது. ஒரே இரண்டு அச்சுகளுக்கு நடுவே எப்படிச் சுற்றிப் போனாலும் இணைப்புகளின் எண்ணிக்கை இரண்டு வழியிலும் ஒற்றையாகவே இருக்கும், அல்லது இரண்டிலும் இரட்டையாகவே இருக்கும். எத்தனை இடைக்கியர் சேர்த்தாலும் இதே கதைதான். தப்பிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, ஒரு பாதையில் பெவல் கியர்களை (செங்குத்தான அச்சுகளை இணைக்கும் சரிவுப் பல் கியர்கள்) புகுத்துவது. மற்றொன்று, 24-40 ஜோடி. அது 4 ஸ்டட்டை ஒரே இணைப்பில் கடக்கும். அதே தூரத்துக்கு 16 பல் கியர்களுக்கு இரண்டு இணைப்பு வேண்டும். திசை மாறிவிடும், ஆனால் வேகமும் மாறும். பின்னோக்கி மெதுவாக வந்தால் பரவாயில்லை என்கிற இயந்திரங்களுக்கு அது வரமே.

இனி முக்கியமான குறை. சுவிட்சை நகர்த்தும் சக்தி, அந்தச் சுவிட்ச் திருப்பிவிடும் பாதையிலிருந்தே வந்தால், ரிங் முதல் கியரை விட்ட கணமே தள்ளுவதற்கு ஆளில்லை. ரிங் நியூட்ரலில் நிற்கும், மோட்டார் வெறுமனே சுற்றும். முதன்முதலாகக் கட்டும் தானியங்கி சுவிட்சுகள் பெரும்பாலும் செத்துப்போவது இந்த இடத்தில்தான். இதற்கு மருந்து எந்த கியரிலும் இல்லை, ரப்பர் பேண்டில் இருக்கிறது.

7 துளை பீம் ஒன்றை நெம்புகோலாக எடுத்து, மூன்றாவது துளையில் உராய்வில்லாத சாம்பல் நிறப் பின்னைச் சுழல்புள்ளியாகப் போடுங்கள். உராய்வுள்ள கறுப்புப் பின் இங்கே கூடாது. பேண்டின் வலுவைப் பாதி வழியிலேயே தின்றுவிடும். நீளமான முனையில் பேண்டை மாட்டி, அதன் மறுமுனையைச் சுழல்புள்ளிக்கு அந்தப் பக்கம் சட்டத்தில் நிலையாகக் கட்ட வேண்டும். முனை, சுழல்புள்ளி, கட்டுமிடம் மூன்றும் நேர்கோட்டில் வரும்போது பேண்டின் இழுவை உச்சத்தில் இருக்கும். அதைத் தாண்டியதும் நெம்புகோல் தானாகவே மறுபக்கம் பாயும். இருபக்கமும் ஸ்டாப்பர் கட்டாயம். குட்டை முனை கேட்சைத் தள்ளட்டும்: ரிங்குக்குத் தேவையான நகர்வு சிறியது, சுழல்புள்ளிக்கு அருகில் பிடித்தால் விசை கூடும். பேண்டைத் தடிமனாக்குவதைவிட இதுவே மேல்.

நெம்புகோலைத் தள்ளும் பகுதியில்தான் அளவு பிசகும். தள்ளும் பாகத்தில் இரண்டு பின்கள், நடுவே நெம்புகோல். பின்களுக்கு இடையிலான வெற்றிடம், நெம்புகோலின் அகலத்தோடு அதன் முழு வீச்சில் பாதியைச் சேர்த்ததற்குக் குறையக் கூடாது. குறைந்தால், உச்சியைத் தாண்டிப் பாயும் நெம்புகோல் எதிர்ப்பின்னில் இடித்து நடுவிலேயே நின்றுவிடும். மறுபடியும் நியூட்ரல். பழியைப் பேண்டின் மேல் போட்டு இன்னொன்றைச் சேர்ப்பார்கள். கேட்ச் வளைந்து கழன்று வரும்.

பேண்டினால் இன்னொரு லாபம் உண்டு. ரிங்கின் பற்களும் கிளட்ச் கியரின் பற்களும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டால், விறைப்பான தள்ளுகோல் அச்சை வளைக்கும். பேண்டோ அழுத்தியபடி காத்திருக்கும். கியர் கொஞ்சம் சுற்றியதும் ரிங் உள்ளே விழும்.

மாறும் கால இடைவெளியைக் கூட்ட வார்ம் கியர் (திருகு போன்ற கியர்) போதும். 24 பல் கியரோடு 24:1, 40 பல்லோடு 40:1. வார்ம் தன் அச்சு நெடுகத் தள்ளும் என்பதால் இருபக்கமும் புஷ் (அச்சில் மாட்டும் சிறு வளையம்) போட்டு அடைக்காவிட்டால் அச்சே நகர்ந்துவிடும். 2.5·5 என்று பொறித்த வெள்ளை 24 பல் கிளட்ச் கியரையும் இந்தத் தொடரில் சேர்க்கலாம். முறுக்கு விசை 2.5 முதல் 5 நியூட்டன் சென்டிமீட்டருக்குள் எட்டும்போது அது வழுக்கி மற்ற பாகங்களைக் காப்பாற்றும். வார்முக்கு முன்னால், வேகமான பக்கத்தில் வையுங்கள். பின்னால் வைத்தால் விசை பெருகி, தேவையில்லாத நேரத்திலும் வழுக்கும்.

சுமையோடு ரிங்கை விடுவிப்பது கடினம் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். முறுக்கம் கூடக்கூடப் பற்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே ரிங்கை வேகக்குறைப்புக்கு முன்னால், விசை குறைவான இடத்தில் அமர்த்துவதே சரி.

மோட்டாரின் திசையை மாற்றி இரண்டு வேலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்றால் ரிங்கே தேவையில்லை. மோட்டார் அச்சைச் சுழல்புள்ளியாகக் கொண்டு ஆடும் ஒரு கை, அதன் நுனியில் மோட்டார் கியரோடு இணைந்த கியர். மோட்டார் சுற்றும் பக்கமாகக் கை சாய்ந்து அங்குள்ள கியரைக் கவ்வும்; சுமை கூடினால் இன்னும் இறுகும். நுனிக் கியர் லேசாகச் சுற்றினால் கை சாயாது, அதனால் ஒரு புஷ்ஷை அதன்மேல் அழுத்திக் கொஞ்சம் உராய்வு கொடுக்க வேண்டும். பல் ஆழம் போகாமல் தடுக்க ஸ்டாப்பரும் வேண்டும்.

2018இன் 42083 புகாட்டி சிரோன் தொகுப்பில் வந்த சுழலும் கேட்ச், வரிசையாகக் கியர் மாற்றுவதற்கு மிகவும் ஏற்றது. 90 டிகிரிக்கு ஒரு நிலை: ஒரு பக்கம், நியூட்ரல், மறுபக்கம், நியூட்ரல். ஒரே அச்சில் இரண்டை 90 டிகிரி தள்ளிப் பூட்டினால் நான்கு கியர். ஆனால் சரியாக 90 டிகிரியில் நிற்காவிட்டால் இரண்டு கியர் ஒரே நேரத்தில் கவ்வி எல்லாம் பூட்டிக்கொள்ளும். இதோடு வரும் 3 ஸ்டட் ரிங், பழைய 2 ஸ்டட் ரிங்கின் இடத்தில் நுழையாது. சட்டத்தையே மாற்ற வேண்டும்.

ஒரு தானியங்கி சுவிட்சுக்கு ரிங் 1, அதன் இணைப்பு 1, கிளட்ச் கியர் 2, கேட்ச் 1, உராய்வில்லாத பின் குறைந்தது 4 வாங்கினால் போதும். ரப்பர் பேண்டை மட்டும் கூடுதலாக வாங்குங்கள். நீட்டியபடியே விட்டால் தளர்ந்துபோகும், நெம்புகோலும் பாய மறுக்கும்.